கேளுங்க, சொல்றேன்: கஸ்பா குழந்தைங்களும் டாக்டர் ககன்தீப் காங்கும்

போன இதழ்ல, குழந்தைங்க பேதி நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ற டாக்டர் ககன்தீப் காங் பத்தி நாலு வரி போட்டிருந்தோம், வேலூர்ல இருந்து லண்டன் ராயல் சொசைட்டிங்கற விஞ்ஞானிங்க சங்கம் வரைக்கும் போனவங்கன்னு. அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கல. அதனால இந்த தடவை சமையல் சந்தேகம், முடி கொட்டற பிரச்சனை எல்லாம் ஓரமா வெச்சுட்டு முழுக்க இந்த கேள்விங்களுக்கே பதில் சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, பேரைப் பாத்தா வடக்கத்தி ஆளு மாதிரி இருக்கு, நீங்க என்னடான்னா "நம்ம வேலூர் டாக்டர்"னு எழுதறீங்க. எப்படி நம்ம ஆளு ஆவாங்க?
- காட்பாடி ப்ளஸ் டூ மாணவி

வடக்கத்தி ஆளுதாம்மா. 1962-ல சிம்லாவுல பொறந்தாங்க. அப்பா ரயில்வேல இன்ஜினியர், அதனால ஊர் ஊரா ட்ரான்ஸ்ஃபர், பத்து ஸ்கூல் மாறியிருக்காங்களாம். அம்மா டீச்சர். சின்ன வயசுலயே அப்பாவோட சேந்து வீட்டுலயே ஒரு குட்டி லேப் வெச்சிருந்தாங்க. அப்புறம் டாக்டருக்குப் படிக்க வந்தது நம்ம சி.எம்.சி.க்கு, அதான் வேலூர் கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜுக்கு. 1987-ல எம்.பி.பி.எஸ்., 1991-ல மைக்ரோபயாலஜில எம்.டி., 1998-ல பிஎச்.டி., மூணும் இங்கயேதான். நடுவுல வெளிநாட்டுக்குப் போய் கத்துக்கிட்டதும் உண்டு, அமெரிக்காவுல ஹூஸ்டன்ல மேரி எஸ்டஸ்னு, குழந்தைங்களுக்கு பேதி வர வெக்கற ரோட்டாவைரஸ் ஆராய்ச்சில பெரிய பேரு வாங்கின அம்மா, அவங்க லேப்ல இருந்தாங்க. அங்கயே தங்கியிருக்கலாம், எவ்ளோ பேரு தங்கிட்டாங்க, இவங்க திரும்பி வந்து சி.எம்.சி.ல வெல்கம்ங்கற ஆராய்ச்சி லேப்ல உக்காந்து இத்தனை வருஷம் வேலை பாத்திருக்காங்க. மே மாச வேலூர் வெயில்ல இத்தனை வருஷம் இருந்தவங்கள நம்மூர் ஆளுன்னு சொல்லாம வேற யாரைச் சொல்றது?

கேள்வி: டாக்டருக்குப் படிச்சிட்டு நோயாளியத் தொட்டுப் பாக்காம லேப்லயே காலத்த ஓட்டறது அந்தப் படிப்பை வீணாக்கறது இல்லையா? தப்பா கேட்டிருந்தா மன்னிக்கவும்.
- ராணிப்பேட்டை வாசகர்

தப்பே இல்ல சார், நிறைய வீட்ல கேக்கற கேள்விதான், அதுவும் பொண்ணு எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு "ஆராய்ச்சி பண்ணப் போறேன்"னு சொன்னா அன்னைக்கே வீடு ரெண்டாயிடும். ஆனா கணக்கப் பாருங்க. ரோட்டாவைரஸ்னு ஒண்ணு, சின்னக் குழந்தைங்களுக்கு வாந்தியும் பேதியுமா வந்து உடம்புல தண்ணியே இல்லாம பண்ணிடும். 1973-ல ஆஸ்திரேலியாவுல ரூத் பிஷப்னு ஒரு அம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்துக் கண்டுபிடிச்சாங்க, அது வரைக்கும் இந்தக் குழந்தைங்க பேதிக்கு என்ன காரணம்னே பாதி நேரம் தெரியாது. தடுப்பு மருந்து வர்றதுக்கு முன்னாடி இதுல இந்தியாவுல மட்டும் வருஷத்துக்கு 78,000 குழந்தைங்க, அஞ்சு வயசுக்குள்ள, செத்துட்டு இருந்தாங்கன்னு காங்கும் அவங்க கூட இருந்தவங்களும் கணக்கு போட்டு எழுதினாங்க. ஆஸ்பத்திரில அட்மிட் ஆனது மட்டும் 8 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல. ஒரு டாக்டர் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ட்ரிப்ஸ் போட்டுக்கிட்டே இருந்தாலும் எத்தனை குழந்தையப் பாத்துட முடியும் சொல்லுங்க. ட்ரிப்ஸ் போடறவங்களும் வேணும், குழந்தை அந்த நிலைமைக்கே வராம இருக்க என்ன பண்ணலாம்னு யோசிக்கறவங்களும் வேணும். இந்த அம்மா ரெண்டாவது ரகம்.

கேள்வி: எங்க தெருவுல ரொம்ப வருஷம் முன்னாடி சி.எம்.சி.லேர்ந்து பொண்ணுங்க வந்து குழந்தைங்க ஆயிய டப்பால வாங்கிட்டுப் போவாங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி வந்து கதவத் தட்டுவாங்க. இன்னாத்துக்கு இதெல்லாம்னு நாங்க சிரிப்போம். அதுக்கும் இந்த டாக்டருக்கும் சம்பந்தம் இருக்குதா?
- வேலூர் கஸ்பா, ஒரு பாட்டி

பாட்டிம்மா, வந்த லெட்டர்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது உங்களுதுதான். சம்பந்தம் இருக்காவா, கதையே அதுதான்!

2002, 2003-ல ஆரம்பிச்சது நீங்க சொல்றது. சின்னல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மூணு ஏரியா, நெருக்கமான வீடுங்க, பாதி வீட்ல பொம்பளைங்க பீடி சுத்திக்கிட்டு இருப்பாங்க, தண்ணி வர்றதுக்கு காத்திருக்கணும். அங்க பொறந்த 452 குழந்தைங்கள பொறந்த உடனே சேத்துக்கிட்டாங்க, அதுல 373 குழந்தைங்கள மூணு வயசு முடியற வரைக்கும் விடாம பாத்தாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபீல்டு ஒர்க்கர் வீட்டுக்கு வரும், குழந்தைக்கு வயித்தால போச்சா, வாந்தியா, ஜுரமான்னு கேட்டு எழுதிக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மோஷன் சாம்பிள், குழந்தை நல்லா இருந்தாலும் சரி. வயித்தால போனா அது தனி சாம்பிள். நல்லா இருக்கற குழந்தையோட ஆய் எதுக்குன்னுதானே நீங்கெல்லாம் சிரிச்சீங்க? அங்கதான் விஷயமே. ஆஸ்பத்திரிக்கு வர்ற குழந்தைய மட்டும் பாத்தா நோய் முத்தினது மட்டும்தான் தெரியும், எந்த சத்தமும் இல்லாம உள்ள வந்துட்டுப் போற வைரஸ் தெரியவே தெரியாது, தெருவுல இருந்து வர்ற டப்பால மட்டும்தான் தெரியும்.

இதுக்கு முன்னாடி மெக்சிகோவுல இதே மாதிரி 200 குழந்தைங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 1996-ல போட்டிருந்தாங்க. இயற்கையா ரெண்டு தடவை ரோட்டாவைரஸ் வந்து போச்சுன்னா அதுக்கப்புறம் அந்தக் குழந்தைக்கு கடுமையா வரவே வராதுன்னு அங்க தெரிஞ்சது. நிறைய பேர் அத நம்பினாங்க. நம்மூர்ல பாத்தா கதை வேற. ஆறு மாசத்துக்குள்ளயே நூத்துக்கு 56 குழந்தைங்களுக்கு இந்த வைரஸ் வந்துட்டுப் போயிருக்கு. ஒரு தடவை வந்தவங்களுக்கே திரும்பத் திரும்ப வருது. மூணு தடவை வந்து போன பிறகும் மிதமான, கடுமையான நோய்லேர்ந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவுல ரெண்டுலயே முழுசா கிடைச்சது, இங்க மூணுலயும் முழுசா கிடைக்கல. 2011-ல அமெரிக்காவோட பெரிய மருத்துவ இதழ்ல, நியூ இங்கிலாந்து ஜர்னல்ல, இது வந்துச்சு. வெளிநாட்டுக் குழந்தைங்களுக்கு ஒத்து வந்த கணக்கு நம்ம குழந்தைங்களுக்கும் ஒத்து வரும்னு யாரும் கண்ண மூடிக்கிட்டு சொல்ல முடியாதுன்னு எழுத்துல காட்டினது உங்க தெரு டப்பாதான் பாட்டிம்மா.

இதுல ஒண்ணு சொல்லணும். ஆராய்ச்சிக் கட்டுரைல டாக்டருங்க பேரு வரும், அது சரிதான். ஆனா மூணு வருஷம், வாரத்துக்கு ரெண்டு தடவை, வெயில்ல படியேறி கதவத் தட்டின அந்தப் பொண்ணுங்க, "இன்னிக்கு வேணாம் போ"ன்னு சொல்லாம பீடி முறத்த ஓரம் வெச்சுட்டு பதில் சொன்ன அம்மாங்க, இவங்க இல்லாம ஒரு எண்ணு கூட கிடையாது. வேலூர்னா லாட்ஜு, கோட்டை, பக்கத்துல ஆம்பூர் பிரியாணின்னு பெருமை பேசறோமே, உலகம் பூரா மேற்கோள் காட்டற ஒரு கணக்கு ராமநாயக்கன்பாளையத்து சந்துல எழுதினதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அதுல கொஞ்சம் ஆத்தாமைதான்.

கேள்வி: டாக்டர் காங் சம்பந்தப்பட்ட ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தின் பலன் 55 சதவீதம்தான் என்று படித்தேன். பள்ளியில் 55 மார்க் வாங்கினால் நாங்கள் பெருமைப்பட மாட்டோம். இதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?
- ஆம்பூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஐயா, இது மார்க் இல்லீங்க. தடுப்பு மருந்து போடாம விட்டா 100 குழந்தைங்களுக்கு கடுமையா வரும்னு வெச்சுக்குங்க, போட்டா 45 பேருக்குத்தான் வரும், 55 குழந்தை ஆஸ்பத்திரி வாசல மிதிக்காது. வருஷத்துக்கு லட்சக்கணக்குல அட்மிஷன் ஆகற நாட்டுல அந்த 55-க்கு என்ன அர்த்தம்னு நீங்களே பெருக்கிப் பாருங்க, கணக்கு வாத்தியாரா இருந்தீங்களோ என்னவோ.

மருந்தோட பேரு ரோட்டாவேக். இதுக்கு அடிப்படையான வைரஸ் டில்லி எய்ம்ஸ்ல பச்சக் குழந்தைங்ககிட்ட இருந்து 1980-கள்ல கிடைச்சது, குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் குடுக்காம உள்ள இருந்த வைரஸ். எய்ம்ஸ் குழந்தை டாக்டர் எம்.கே. பான் பல வருஷம் இதத் தூக்கிச் சுமந்தாரு, ஹைதராபாத் பாரத் பயோடெக் தயாரிச்சாங்க, காங் ஒரே ஆளா கண்டுபிடிச்சாங்கன்னு சில பேர் வாட்ஸாப்ல போடறாங்க, அது சரியில்ல. கடைசிக்கட்ட சோதனை டில்லி, புனே, வேலூர் மூணு இடத்துல 6,799 குழந்தைங்கள வெச்சு நடந்துச்சு, வேலூர் பக்கம் காங் குழு. 2014-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு.

அப்புறம் இன்னொண்ணு, இதே நோய்க்கு வெளிநாட்டுக் கம்பெனி மருந்து ஒண்ணு, பணக்கார நாட்டுல 85-க்கு மேல வேலை செஞ்சது, அதையே ஆப்பிரிக்காவுல மலாவில குடுத்துப் பாத்தா 50 கூட வரல. அப்ப பிரச்சனை மருந்துல இல்ல, ஏழை ஊருக் குழந்தையோட குடல்ல என்னமோ நடக்குது. என்னன்னு காங் குழு வருஷக்கணக்கா தோண்டியிருக்காங்க. குடல்ல ஏற்கெனவே கண்ட கிருமியும் குடியிருக்கறதாலயா, அத முதல்ல ஆன்டிபயாடிக் குடுத்து விரட்டிட்டு சொட்டு மருந்து குடுத்தா நல்லா புடிக்குமான்னு போலியோ சொட்டு மருந்த வெச்சு வேலூர்ப் பக்கம் சோதிச்சுப் பாத்தாங்க. கிருமி குறைஞ்சுது, ஆனா மருந்து புடிக்கறது ஒண்ணும் கூடல. அதையும் மறைக்காம அப்படியே வெளியிட்டாங்க. நடக்கலன்னு எழுதறதுக்கும் ஒரு தில் வேணும் ஐயா, நடந்ததத்தான் எல்லாரும் எழுதுவாங்களே.

வெலையும் பாக்கணும். கம்பெனி ஒரு டோஸ் ஒரு டாலர்னு அறிவிச்சாங்க, அன்னைக்கு ரேட்டுக்கு நம்ம காசுல அறுபது ரூபாய்க்குள்ள. 2016-ல நாலு மாநிலத்துல ஆரம்பிச்சு, 2017-ல தமிழ்நாட்டுக்கும் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து வந்துச்சு, இப்ப ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆறு, பத்து, பதினாலு வாரத்துல காசே இல்லாம குடுக்கறாங்க.

கேள்வி: அந்த சொட்டு மருந்து போட்டா குடல் சொருகிக்கும்னு எங்க சொந்தக்காரங்க சொல்றாங்க. பேரனுக்கு ஒன்றரை மாசம் ஆவுது, போடலாமா வேணாமா?
- குடியாத்தம் வாசகி

போடுங்கம்மா. பயம் ஆகாசத்துலேர்ந்து வரல, காரணம் இருக்கு. அமெரிக்காவுல முதல்ல வந்த ஒரு ரோட்டாவைரஸ் மருந்து, அது வேற மருந்து, குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கற பிரச்சனை கொஞ்சம் கூடுதுன்னு 1999-ல வாபஸ் வாங்கினாங்க. அதுலேர்ந்து எந்த ரோட்டாவைரஸ் மருந்து வந்தாலும் இதத்தான் முதல்ல தேடிப் பாப்பாங்க. நம்ம மருந்துலயும் தேடினாங்க, கடைசிக்கட்ட சோதனையோட வேலூர் விவரத்த தனியா வெளியிடுங்கன்னு கேள்வி கேட்டு கோர்ட்டு வரைக்கும் போனவங்க உண்டு, கேட்டதுல தப்பில்ல, மருந்துன்னா கேக்கணும். அப்புறம் மருந்து நாட்டுல புழக்கத்துக்கு வந்த பிறகு பல ஆஸ்பத்திரிங்கள்ல குடல் சொருகின குழந்தைங்க விவரத்த எடுத்து, மருந்து குடுத்த நாளோட சேத்துப் பாத்தாங்க, ரோட்டாவேக்னால கூடலன்னு 2020-ல முடிவு வந்துச்சு. மருந்து குடுக்காத குழந்தைக்கும் இது வர்றது உண்டு. அதனால பேரன் விடாம அழுது, வாந்தி எடுத்து, மலத்துல ரத்தம் கலந்து வந்தா எந்தக் காரணமா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மத்தபடி உங்க ஏரியா நர்ஸம்மாகிட்ட கார்டக் காட்டி தேதி கேட்டுக்குங்க.

கேள்வி: நாங்க குழந்தைக்கு கேன் தண்ணிதான் குடுக்கறோம். அப்ப இந்த வியாதிங்க வராதுதானே?
- சத்துவாச்சாரி இளம் அம்மா

வராதுன்னு சொல்ல முடியாதுங்க. இதையும் காங் குழு நம்ம வேலூர்லயே பாத்திருக்காங்க! கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி, இதுவும் குழந்தைக்கு பேதி வர வெக்கும், குளோரினுக்கு அசராது. ஒரு பக்கம் பாட்டில் தண்ணி குடிக்கற குழந்தைங்க, இன்னொரு பக்கம் முனிசிபாலிட்டி தண்ணி குடிக்கற குழந்தைங்க, ரெண்டு கூட்டத்தையும் பாத்தா தொத்து வர்றதுல பெரிய வித்தியாசமே இல்ல. குழந்தை தண்ணி குடிக்கறதோட நிறுத்துதா, தரைல தவழுது, எல்லாத்தையும் வாயில வெக்குது, நம்ம கை, பாத்திரம், பக்கத்து வீட்டுக் குழந்தைன்னு எத்தனை வழி. கேன் வாங்க வேணாம்னு நான் சொல்லல, கேன் வாங்கிட்டோம்னு சோப்பு போட்டு கை கழுவறத விட்டுடாதீங்க. பேதி வந்தா ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுங்க, தாய்ப்பால நிறுத்தாதீங்க.

கேள்வி: அவருக்கு நோபல் பரிசு கிடைக்குமா?
- அரக்கோணம் வாசகர்

அது ஸ்டாக்ஹோம்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும் சார். கிடைச்சத சொல்றேன். 2016-ல இன்ஃபோசிஸ் பரிசு. 2019-ல ராயல் சொசைட்டி ஃபெல்லோ, இந்தியாவுலயே இருந்து வேலை செய்யற பெண் விஞ்ஞானிகள்ல இவங்கதான் முதல் ஆளு. 1918-லயே நம்ம ராமானுஜன் உள்ள போயிட்டாரு, அதுக்கப்புறம் இங்க இருந்து ஒரு பொண்ணு போறதுக்கு நூறு வருஷம் ஆயிருக்கு, அத நெனச்சா சந்தோஷத்தோட கோவமும் வருது. 2024-ல கனடாவோட கெய்ர்ட்னர்ங்கற மருத்துவ ஆராய்ச்சி விருது. நடுவுல சில வருஷம் ஃபரிதாபாத்துல மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணுக்குத் தலைமை, 2020-ல திரும்ப வேலூர். 2023-ல கேட்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போயிட்டாங்க.

கேள்வி: இந்தியாவில் எய்ட்ஸ் இருப்பது வேலூரில்தான் முதலில் தெரிந்தது என்று என் நண்பர் சொல்கிறார். நம்பலாமா? அதிலும் பெண் டாக்டர்கள் இருந்தார்களாமே?
- திருப்பத்தூர் வாசகர்

நம்பலாம், பாதி வேலூர் பாதி சென்னை. சென்னை மெடிக்கல் காலேஜ்ல சுனிதி சாலமன் மைக்ரோபயாலஜி பேராசிரியர், அவங்ககிட்ட படிச்ச மாணவி செல்லப்பன் நிர்மலா. தீசிஸுக்கு எய்ட்ஸ் வர வெக்கற எச்.ஐ.வி. இருக்கான்னு தேடும்மான்னு சுனிதி சொல்றாங்க, நிர்மலாவுக்கோ தயக்கம், அப்பல்லாம் எய்ட்ஸ்னா வெளிநாட்டு சமாச்சாரம், இங்கயாவது வர்றதாவதுன்னு இருந்த காலம். வீட்டுக்காரர்தான் தைரியம் சொல்லி ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனாராம். பாலியல் தொழில்ல மாட்டிக்கிட்ட பொண்ணுங்ககிட்ட இருந்து 80-க்கு மேல ரத்த சாம்பிள் எடுத்தாங்க. வெச்சுக்க வசதி இல்லாம வீட்டு ஃப்ரிட்ஜ்லயே வெச்சாங்க, இன்னைக்குன்னா யாராவது விடுவாங்களா? டெஸ்ட் பண்ற வசதி சென்னைல அவங்களுக்கு இல்ல, சி.எம்.சி.ல இருந்துச்சு. 1986 பிப்ரவரில ஐஸ் பெட்டில வெச்சு ரயில்ல காட்பாடிக்கு கொண்டாந்தாங்க. டாக்டர் ஜேக்கப் ஜான் லேப்ல டெஸ்ட் பண்ணினா ஆறு சாம்பிள் மஞ்சளா மாறுச்சு, எச்.ஐ.வி. இருக்குன்னு அர்த்தம். திரும்பப் பண்ணினாங்க, திரும்பவும் மஞ்சள். அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதி பண்ணிட்டாங்க. அந்த வருஷமே சட்டசபைல அறிவிச்சாங்க, அதுக்கப்புறம்தான் நாடே முழிச்சுக்கிச்சு. சுனிதி அம்மா எய்ட்ஸ் நோயாளிங்களுக்காகவே வாழ்ந்து 2015-ல போயிட்டாங்க, பத்மஸ்ரீ அதுக்கப்புறம்தான் குடுத்தாங்க, நம்ம நாட்டு வழக்கப்படி.

கேள்வி: என் பொண்ணு காங் டாக்டர் மாதிரி ஆராய்ச்சி பண்ணணும்னு சொல்லுது. எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்கலன்னா இந்த ஆசைய விட்டுடணுமா?
- வாலாஜாபேட்டை அப்பா

எதுக்குங்க விடணும். டாக்டர் வழின்னா நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., அப்புறம் மைக்ரோபயாலஜியோ சமூக மருத்துவமோ எம்.டி., அதுக்கு மேல பிஎச்.டி., ரொம்ப வருஷம் ஆகும், காங் மாதிரி எல்லாம் முடிக்க முப்பத்தஞ்சு வயசு ஆயிடும், அதுக்குள்ள "எப்ப கல்யாணம்"னு கேக்கற சொந்தக்காரங்கள நீங்கதான் சமாளிக்கணும். சீட் கிடைக்கலன்னா பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இல்ல பயோடெக், அப்புறம் எம்.எஸ்சி., சி.எஸ்.ஐ.ஆர். நெட் மாதிரி பரீட்சை எழுதி ஸ்காலர்ஷிப்போட பிஎச்.டி. போலாம். இன்னொண்ணு யாரும் யோசிக்கறதே இல்ல, அந்த 373 குழந்தைங்களோட மூணு வருஷ விவரத்த பிரிச்சு மேஞ்சு அர்த்தம் கண்டுபிடிச்சவங்கள்ல புள்ளியியல் ஆளுங்களும் உண்டு, அதுல முக்கியமான பங்கு அவங்களுது. சி.எம்.சி.லயே பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் எம்.எஸ்சி. இருக்கு, அட்மிஷன் விவரம் அவங்க வெப்சைட்ல பாருங்க. பொண்ணு என்ன படிக்குது, கணக்குல எப்படின்னு ஒண்ணுமே எழுதலியே நீங்க? அடுத்த லெட்டர்ல அத எழுதுங்க, அதுக்கேத்த மாதிரி சொல்றேன்.